சுவரோவியம் பார்க்க: பிலடெல்பியாவா, மாண்ட்ரியலா?

கையில் இரண்டு நாள் இருந்தால் பிலடெல்பியாவுக்குப் போங்கள். ஒரே நாள்தான், அதுவும் ஜூன் மாதம் என்றால் மாண்ட்ரியல் போதும். சுவரோவியத்துக்குப் பேர்போன ஊர்கள் வட அமெரிக்காவில் வேறும் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் பால்மி சந்து, கிளாரியன் சந்து இரண்டையும் அரை நாளில் நடந்து முடித்துவிடலாம். ஆனால் இதற்கென்றே டிக்கெட் எடுத்துப் போவதென்றால், கிழக்குப் பக்கம் இந்த இரண்டு ஊர்களுக்கும்தான் போட்டி.

எண்ணிக்கையில் பிலடெல்பியா முந்துகிறது. அங்குள்ள மியூரல் ஆர்ட்ஸ் அமைப்பு 1984-இல் தொடங்கி 4,000-க்கும் மேல் வரைந்துவிட்டது. நெருக்கத்தில் மாண்ட்ரியல். சான் லோரான் சாலையில் ஷெர்புரூக் தெருவிலிருந்து மோன் ருவாயால் அவென்யூ வரை ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு பக்கமும் கார் நிறுத்தும் காலி மனைகளுக்கு மேலே சுவர் சுவராக ஓவியம். விசா தனித்தனி: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற நாட்டுக்குள் போக முடியாது. சாப்பாடும் விடுதியும் அவரவர் பாடு.

முடிவு செய்ய வேண்டியது வேறொன்று. நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட சுவர், நீங்கள் போய்ச் சேரும்போது அங்கே இருக்குமா? இருந்தாலும் எந்த நிலையில் இருக்கும்?

மாண்ட்ரியலின் சான் லோரான் சாலை, 2013 முதல் ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் 'மியூரல்' விழாவை நம்பியிருக்கிறது. சாலையை அடைத்துவிட்டு, தூக்கி வண்டியில் நின்றபடி ஓவியர்கள் சில நாளில் ஒரு சுவரை முடித்துவிடுகிறார்கள். புதிய ஆளுக்குச் சுவர் வேண்டுமே; அதனால் பழைய ஓவியங்கள் சிலவற்றின் மேல் பெயின்ட் ரோலர் ஓடும். ஓடாதவையும் உண்டு. 2016-இல் காலமான, இந்த ஊரில் பிறந்த பாடகரும் கவிஞருமான லியனார்ட் கோஹனுக்கு 2017-இல் இரண்டு பெரிய சுவர்கள் எழுந்தன: நபோலியோன் தெருவருகே கெவின் லேடோ வரைந்தது ஒன்று, கிரசென்ட் தெருவில் எல் மாக்கும் ஜீன் பெண்டனும் வரைந்தது இன்னொன்று. இந்த மாதிரி அடையாளச் சுவர்களை நம்பிப் போகலாம். நடுத்தரச் சுவர்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பிலடெல்பியாவில் கதை வேறு. கிராஃபிட்டி, அதாவது அனுமதியில்லாமல் சுவரில் ஸ்ப்ரே கிறுக்கல், எழுதும் இளைஞர்களை ஓவியத்துக்குத் திருப்பும் நகராட்சித் திட்டமாகத்தான் மியூரல் ஆர்ட்ஸ் பிறந்தது. ஊர்க்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், கிராட்டர்ஃபோர்டு சிறையில் இருந்த கைதிகள் எல்லோரும் வரைய வேண்டும்; சாரத்தில் ஏற எல்லோராலும் முடியாது. அதற்கு வழிவிட்டது 'பாராசூட் துணி'. பெயர் அப்படி இருந்தாலும் அது நெய்யாத, மெல்லிய செயற்கை இழைத் துணி. கென்ட் ட்விட்செல் 1990-இல் ரிட்ஜ் அவென்யூவில் கூடைப்பந்து வீரர் ஜூலியஸ் எர்விங்கை, விளையாட்டு உடையில் இல்லாமல் கோட்டு சூட்டில், மூன்று மாடி உயரத்துக்கு நிறுத்தினார். துணி முறை பிலடெல்பியாவுக்கு அதோடுதான் வந்தது.

வேலை நடக்கும் விதம் இது. மூலப்படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரிக்கிறார்கள். சுவரில் ஒவ்வொரு சதுரமும் ஐந்தடிக்கு ஐந்தடி. துணியில் கோடு போட்டு, எந்த இடத்துக்கு எந்த நிறம் என்று எண் எழுதி, ஒரு கூடத்து மேசையில் விரித்துவிட்டால் யாரும் அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம். இதற்கிடையில் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, செங்கல் இடுக்குகளில் உதிர்ந்த சாந்தை அடைத்து, ப்ரைமர் அடித்துக் காயவிடுவார்கள். பிறகு சுவரில் அக்ரிலிக் ஜெல், அதன்மேல் துணி, துணிமேல் மறுபடி ஜெல். நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். கடைசியில் இணைப்புகளின் மேல் தூரிகை போட்டு மறைத்து, வெயில் தாங்கும் ஒளி ஊடுருவும் பூச்சு.

பக்கத்தில் போனால் இதைக் கண்ணாலேயே பிடித்துவிடலாம். சுவரை நேராகப் பார்க்காமல் ஓரமாக நின்று, வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள்: ஐந்தடிக்கு ஒருமுறை மயிரிழை போல ஒரு மேடு ஓடும். செங்கல் இடுக்கின் பள்ளங்கள் துணிக்குக் கீழே மழுங்கியிருக்கும். நேரடியாக ஸ்ப்ரே அடித்த சுவரில் ஒவ்வொரு பள்ளமும் தனியாகத் தெரியும்.

துணி ஒட்டியது எத்தனை ஆண்டு தாங்கும் என்பது ஓவியரைவிடச் சுவரைப் பொறுத்தது. இடித்த வீட்டுக்கு அடுத்த வீட்டின் பொதுச்சுவர்தான் இங்கே பெரும்பாலும் கித்தான். மழைக்கென்று கட்டாத சுவர் அது. மேலே கைப்பிடிச் சுவரின் மூடுகல் விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளுக்குள் இறங்கும், உப்பு பூக்கும், துணி கொப்புளம் கட்டும், குளிரில் அந்த ஈரம் உறைந்து விரிந்து தள்ளும். தெற்கு பார்த்த சுவரில் இளஞ்சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், நீலமும் மண்ணிறங்களும் நிற்கும். முகங்கள் நீலம் பாரித்துக் கிடந்தால் அது ஓவியரின் பாணி என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் வெளுத்ததைத் திரும்ப எடுத்துச் செய்ய இங்கே ஓர் அமைப்பு இருக்கிறது. என்னை பிலடெல்பியா பக்கம் சாய்ப்பது இதுதான். நியூயார்க் தெரு ஓவியர் கீத் ஹேரிங் 1987-இல் பாயின்ட் பிரீஸ் பகுதியில் பிள்ளைகளோடு சேர்ந்து வரைந்த சுவரை 2013-இல் புதுப்பித்தார்கள். பிராட் தெருவும் ஸ்பிரிங் கார்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் மெக் சாலிக்மன் 1998-இல் எழுப்பிய எட்டு மாடி 'காமன் திரெட்ஸ்' ஓவியமும் அப்படி ஒருமுறை புத்துயிர் பெற்றதுதான். எர்விங் சுவரிலிருந்து அது சில நிமிட நடை. இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பிலடெல்பியாவில் ஒன்றை மட்டும்தான் பார்க்க முடியும் என்றால் ரயிலேறுங்கள். மார்க்கெட்-ஃபிராங்க்போர்டு தடம், இப்போது 'எல்' என்று அழைக்கிறார்கள், 40-வது தெருவைத் தாண்டியதும் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து தூண்கள் மேல் ஏறுகிறது. அங்கிருந்து 63-வது தெரு வரை, கூரை மட்டத்துச் சுவர்களில் ஸ்டீவ் பவர்ஸ் 2009-இல் செய்த 50 ஓவியங்கள். விளம்பரப் பலகை எழுத்தில் ஒரு காதல் கடிதம். மேற்கே போகும்போது வலது சன்னல், திரும்பும்போதும் வலது சன்னல். இரு பக்கமும் முடிந்தது. காலையில் வேலைக்குப் போகும் நெரிசலைத் தவிருங்கள், சன்னல் கிடைக்காது. ரயில் வேகத்தில் பல தப்பிவிடும். 52, 56, 60-வது தெரு நிலையங்களில் இறங்கி, நடைமேடையை விட்டு வெளியேறாமல் அடுத்த ரயில் வரும்வரை சுற்றிப் பாருங்கள். 52-வது தெருவில் சந்திக்க அழைக்கும் வாசகம் ஒன்று உண்டு, ஐம்பது செகண்டாவது வா என்று. ஆங்கிலத்தில் தெருவின் எண்ணும் நொடியும் ஒரே ஒலி. தமிழில் அந்தச் சிலேடை செத்துவிடுகிறது.

இந்த ஊரின் குறை சிதறல். ஓவியங்கள் ஊரெங்கும் பரவிக் கிடப்பதால் பட்டியல் இல்லாமல் கிளம்பினால் வெறும் தெருக்களில் கால் வலிக்கும். இரண்டாவது குறை, காலி மனை. ஓவியத்துக்கு எதிரே இருக்கும் மனையில் வீடு எழும்பினால் சட்டமும் காப்பாற்றாது, துணியும் காப்பாற்றாது. சுவர் அப்படியே மறைந்துவிடும். அரசியலும் உண்டு: இத்தாலியச் சந்தையில் இருந்த முன்னாள் மேயர் ஃபிராங்க் ரிஸ்ஸோவின் ஓவியத்தை 2020 ஜூனில் அழித்துவிட்டார்கள். கிளம்பும் முன் முகவரியை வரைபடத்தின் தெருக் காட்சியில் போட்டு, படம் எடுத்த மாதத்தையும் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையது என்றால் நம்பாதீர்கள்.

மாண்ட்ரியல்தான் என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே 'வடக்கு' என்று சொல்வது உண்மையில் வடமேற்கு. சான் லோரான் சாலையும் அந்தத் திசையில்தான் ஓடுகிறது. காலை வெயில் அதனால் ஷெர்புரூக் பக்கம் பார்த்த பக்கச்சுவர்களில் விழும். சான் லோரான் மெட்ரோவில் இறங்கி மேல்நோக்கி நடந்தால் அவை உங்களுக்கு முகம் காட்டி நிற்கும். மதியச் சாப்பாட்டை மோன் ருவாயால் பக்கம் முடித்துவிட்டு, மாலையில் அதே சாலையில் கீழே இறங்குங்கள். காலையில் முதுகு காட்டிய சுவர்கள் இப்போது வெளிச்சத்தில் இருக்கும். போக்குவரத்து ஒருவழி, மேல்நோக்கி. 55-ஆம் எண் பேருந்தும் மேலே போகும்போதுதான் இந்தச் சாலையில் வரும். கிரசென்ட் தெருவின் கோஹனைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பதைவிட மோன் ருவாயால் மலைமேல் உள்ள காட்சித் திடலிலிருந்து பார்ப்பது மேல், முழு உருவமும் கிடைக்கும். ஆகஸ்டில் வருபவர்கள் செயின்ட் கேத்தரின் தெருப் பக்கம் 1996 முதல் நடக்கும் 'அண்டர் பிரஷர்' விழாவைப் பார்க்கலாம். அது கிராஃபிட்டிக்காரர்களின் சொந்த விழா.

டிசம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம். காலி மனைகளில் ஒதுக்கிய பனி ஆளுயரத்துக்கு நின்று ஓவியத்தின் கால் பகுதியை மறைத்துவிடும். அந்த அடிப்பகுதிதான் சாலை உப்பும் பனிச்சேறும் தெறித்து முதலில் உரியும் இடமும்கூட.