சோட்டோவை விற்ற நேஷனல்ஸ், ஓதானியை விற்காத ஏஞ்சல்ஸ்: இரண்டு முடிவுகள், ஒரே 208 வெற்றிகள்

2025 ஜூன் 29 அன்று அனஹைம் நகரின் ஏஞ்சல் ஸ்டேடியத்தில், வாஷிங்டன் நேஷனல்ஸ் பேஸ்பால் அணியின் ஜேம்ஸ் வுட் மட்டையோடு வந்து நின்றபோதெல்லாம் ஏஞ்சல்ஸ் தரப்பு அவருக்குப் பந்து வீச அஞ்சியது. ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல, அந்த ஒரே ஆட்டத்தில் நான்கு முறை அவரை அடிக்கவே விடாமல், வேண்டுமென்றே முதல் தளத்துக்கு அனுப்பி வைத்தார்கள். 2004இல் பாரி பாண்ட்ஸுக்குப் பிறகு வேறு யாருக்கும் இந்த மரியாதை கிடைத்ததில்லை. பதினோரு இன்னிங்ஸ் நீண்ட அந்த ஆட்டத்தை நேஷனல்ஸ் 7-4 என்று வென்றது. ஆனால் சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூலை 6 அன்று, அந்த அணியின் நிர்வாகத் தலைவர் மைக் ரிசோவும் களத்தில் அணியை வழிநடத்தும் மேனேஜர் டேவ் மார்ட்டினெஸும் ஒரே நாளில் பதவி நீக்கப்பட்டார்கள்.

தோற்றுக்கொண்டிருக்கும் அணி தன் மிகச் சிறந்த ஆட்டக்காரரை விற்க வேண்டுமா, வைத்துக்கொள்ள வேண்டுமா என்ற வாதத்தில் இரு தரப்பு ரசிகர்களும் இந்த இரண்டு செய்திகளையே தத்தம் சான்றாகக் காட்டுவதுண்டு. சோட்டோவை விற்றதால்தான் வுட் கிடைத்தார் என்பார்கள் ஒரு சாரார். விற்றும் என்ன பயன், விற்றவரின் வேலையே போய்விட்டதே என்பார்கள் மறு சாரார். அண்மைக் காலத்தில் இந்தக் கேள்விக்கு நேரெதிரான விடைகளைத் தேர்ந்த இரண்டு அணிகள் இவை என்பதால், இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

கிரிக்கெட் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்காக ஒரு விளக்கம். அமெரிக்க பேஸ்பாலில் ஓர் ஆட்டக்காரர் மேஜர் லீகில் ஆறு ஆண்டுச் சேவையை முடிக்கும்வரை, அவருடைய ஆட்ட உரிமை அவரை வைத்திருக்கும் அணியிடமே இருக்கும். அதன் பிறகு அவர் ஃப்ரீ ஏஜென்ட். விரும்பிய அணிக்குப் போகலாம், பழைய அணிக்குக் கிடைப்பது பெரும்பாலும், புதிய இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் ஒரு கூடுதல் தேர்வு மட்டுமே. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ வரும் டிரேட் (ஆட்டக்காரர் பரிமாற்ற) கெடுவுக்குள், ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்தைக் கொடுத்து இளம் ஆட்டக்காரர்களை வாங்கிக்கொள்வதா என்று பின்தங்கிய அணிகள் முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது.

2022 கோடையில் நேஷனல்ஸ் முன் இந்தக் கேள்வியாக நின்றவர் 23 வயது ஹுவான் சோட்டோ. 15 ஆண்டுகளுக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்று அணி சொன்னதை அவர் மறுத்துவிட்டார். ஃப்ரீ ஏஜென்ட் ஆக அவருக்கு இன்னும் இரண்டரை ஆட்டப் பருவங்கள் இருந்தன. நேஷனல்ஸ் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 2 அன்று அவரையும் ஜாஷ் பெல்லையும் சான் டியேகோ பத்ரேஸுக்குக் கொடுத்து, இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் சி. ஜே. ஏப்ரம்ஸ், இடக்கைப் பிட்சர் (பந்து வீச்சாளர்) மெக்கன்ஸி கோர், அப்போது 19 வயதே நிரம்பியிருந்த வுட் உள்ளிட்ட ஆறு பேரைப் பெற்றுக்கொண்டது. 2019இல் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரை வென்ற அணி, மூன்றே ஆண்டுகளில் அந்த வெற்றியின் முகமாக இருந்த இளைஞரை விற்றதை வாஷிங்டன் ரசிகர்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் மாக்ஸ் ஷெர்ஸரும் ட்ரே டர்னரும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குப் போன புண்ணே ஆறியிருக்கவில்லை. 2022 பருவத்தை அணி 55 வெற்றி, 107 தோல்வி என்று முடித்தது.

ஓராண்டு கழித்து ஏஞ்சல்ஸ் முன் அப்படி நின்றவர் ஷோஹெய் ஓதானி. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்தது இரண்டே மாதம். 2014க்குப் பிறகு பிளேஆஃப் முகத்தையே பார்க்காத அணி, அந்த ஜூலையில் வென்றவை தோற்றவற்றைவிடச் சற்றே அதிகம் என்ற நிலையில், பிளேஆஃப் இடத்துக்குச் சில ஆட்டங்களே பின்தங்கியிருந்தது. அணியின் மற்ற நட்சத்திரங்களில் மைக் ட்ரவுட் மணிக்கட்டு எலும்பு முறிந்தும், ஆந்தனி ரென்டோன் கணுக்காலுக்கு மேல் பந்து பட்டும் ஆட முடியாமல் இருந்தார்கள். ஜூலை 26 அன்று நிர்வாகம், ஓதானி விற்பனைக்கு இல்லை என்ற முடிவோடு நிற்காமல், சிகாகோ வைட் சாக்ஸிடமிருந்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ் என்ற இரண்டு பிட்சர்களை வாங்கி, தன் சிறந்த இளம் கேட்சர் எட்கர் கேரோவையும் இடக்கைப் பிட்சர் கை புஷ்ஷையும் விலையாகக் கொடுத்தது. வாங்கிய பிட்சர்கள் இருவரின் ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிவதாகவே இருந்தது.

மறுநாள் டெட்ராய்ட்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதலாவதில் ஓதானி ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி, ஒரே ஒரு ஹிட் மட்டும் கொடுத்து எதிரணியை ரன் இல்லாமல் சுருட்டினார். இரண்டாவதில் மட்டையோடு வந்து இரண்டு ஹோம் ரன்கள் அடித்தார். அன்றிரவு அவரை விற்றிருக்க வேண்டும் என்று சொல்லும் துணிவு யாருக்கு இருந்திருக்கும்? பேஸ்பால் பார்ப்பதே இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று நினைக்கும் ரசிகரின் வாதத்தை நான் ஒருபோதும் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆனால் ஆகஸ்ட் வந்தது. ஆகஸ்ட் 3 அன்று சொந்த மைதானத்தில் சியாட்டில் மரினர்ஸுக்கு எதிராக ஓதானி நான்கு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி, விரல் பிடிப்பால் வீச்சை நிறுத்தி, மட்டையாளராக மட்டும் தொடர்ந்து, எட்டாவது இன்னிங்ஸில் பருவத்தின் 40வது ஹோம் ரன்னை அடித்து 3-1 என்று முன்னிலையை உயர்த்தினார். ஒன்பதாவது இன்னிங்ஸில் கேட் மார்லோ என்ற புதுமுகம் தளங்கள் நிரம்பியிருந்தபோது ஹோம் ரன் அடித்து ஒரே அடியில் நான்கு ரன்கள் எடுக்க, ஆட்டம் 5-3 என்று கைநழுவியது. ஒரு மனிதர் ஓர் ஆட்டத்தில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தும் அணி தோற்ற இரவு அது. மாத முடிவில் கணக்கு 8 வெற்றி, 19 தோல்வி. ஆகஸ்ட் 23 அன்று ஓதானியின் வலது முழங்கைத் தசைநார் கிழிந்தது. ஆறு நாட்கள் கழித்து, சம்பளச் செலவை, தாண்டினால் லீகுக்குச் சொகுசு வரி கட்ட வேண்டிய எல்லையான 23.3 கோடி டாலருக்குள் அடக்குவதற்காக, ஜியோலிட்டோ, லோபெஸ் உள்ளிட்ட ஆறு பேரை ஏஞ்சல்ஸ் வேவரில் விட்டது. யார் வேண்டுமானாலும் சம்பளத்தை ஏற்றுக்கொண்டு எடுத்துப்போகலாம் என்று அதற்குப் பொருள். ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்காக ஆடியது ஆறே ஆட்டங்கள். ஒன்றில் வெற்றி, ஐந்தில் தோல்வி. செப்டம்பர் 15 அன்று ஓதானியின் லாக்கர் காலியாகியிருந்தது; அருகில் கட்டி வைத்த பெரிய பை ஒன்று மட்டும் இருந்தது. டிசம்பரில் அவர் அதே பெருநகரின் டாட்ஜர்ஸுடன் பத்து ஆண்டுகளுக்கு 70 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். டாட்ஜர்ஸ் 2024, 2025 இரண்டு ஆண்டுகளும் உலகத் தொடரை வென்றது.

இங்கே நிறுத்தினால், விற்றவர் அறிவாளி, விற்காதவர் ஏமாளி என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. 2023, 2024, 2025 ஆகிய மூன்று பருவங்களில் நேஷனல்ஸ் வென்றவை முறையே 71, 71, 66. ஏஞ்சல்ஸ் வென்றவை 73, 63, 72. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: இருவருக்கும் 208. தோல்விகளும் இருவருக்கும் 278. இதில் ஏஞ்சல்ஸின் 63 வெற்றி, 99 தோல்வி என்பது அந்த அணியின் வரலாற்றிலேயே மிக மோசமான பருவம்.

இந்த எண்களைப் பார்த்து, எந்த முடிவும் எந்த மாற்றத்தையும் தராது என்று முடிவு கட்டுவதும் பிழையே. நேஷனல்ஸ் தன் 208 வெற்றிகளை இளையோரைக் களத்தில் பழக்கிக்கொண்டே பெற்றது. ஏப்ரம்ஸ் 2024இலும், வுட்டும் கோரும் 2025இலும் ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார்கள். அந்த டிரேட் வெற்றி என்றே நான் கருதுகிறேன். இரண்டரைப் பருவம் மிச்சமிருக்கும்போது விற்றதுதான் அதற்குக் காரணம். வாங்கும் அணி எத்தனை பிளேஆஃப் வாய்ப்புகளை வாங்குகிறதோ அதற்கேற்பத்தான் விலை தரும். இரண்டு மாதத்துக்கு விற்றவர்களின் கதை வேறு. 2018 ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸ், மேனி மச்சாடோவை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து ஐந்து பேரை வாங்கியது. அவர்களில் அணியில் வேரூன்றி நின்றவர் பிட்சர் டீன் க்ரேமர் ஒருவர்தான். ஓதானியை விற்றிருந்தால் ஒரு தலைமுறைக்கே ஆள் கிடைத்திருக்கும் என்று பேசுவோர் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எனவே 2023 ஜூலையில் அவரை வைத்துக்கொண்டதற்காக நான் ஏஞ்சல்ஸைக் குறை சொல்லவில்லை. என் குறை இரண்டு. ஒன்று, கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய காலம் 2022 ஜூலை. அப்போது ஓதானிக்கு ஒன்றேகால் பருவத்துக்கு மேல் மிச்சமிருந்தது, அணியோ அந்த மே, ஜூன் மாதங்களில் தொடர்ந்து 14 ஆட்டங்கள் தோற்று, மேனேஜர் ஜோ மாடனையும் நீக்கி, எழ முடியாத நிலையில் கிடந்தது. மற்றொன்று, கேரோவைக் கொடுத்தது. நட்சத்திரத்தை வைத்துக்கொள், ஆனால் அதற்காக எதிர்காலத்தை அடகு வைக்காதே என்ற மூன்றாவது வழியும் இருந்தது. வைத்துக்கொண்டால் முழுமூச்சாக இறங்க வேண்டும், இல்லையேல் ஓதானியே நம்ப மாட்டார் என்பார்கள் மறுப்பவர்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆயினும் ட்ரவுட்டும் ரென்டோனும் களத்தில் இல்லாத அணிக்கு இரண்டு பிட்சர்கள் எவ்வளவு தூரம் கை கொடுக்க முடியும்? கேரோ 2025இல் வைட் சாக்ஸுக்காக மேஜர் லீகில் ஆடத் தொடங்கிவிட்டார்.

அப்படியானால் விற்றதில் சரியாகச் செய்த நேஷனல்ஸ் ஏன் மேலே ஏறவில்லை? விற்பது வேலையின் முதல் பாதி. கிடைத்த இளையோரைச் சுற்றி அனுபவசாலிகளைப் பணம் கொடுத்து நிறுத்துவது இரண்டாவது பாதி. அதை வாஷிங்டன் செய்யவில்லை. இரண்டு அணிகளின் ரசிகர்களும் மேனேஜரையும் பிட்சர் வரிசையையும் பற்றிச் சண்டையிடும்போது கவனிக்காமல் விடும் ஒற்றுமை இங்கேதான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் லெர்னர் குடும்பம் நேஷனல்ஸை விற்க ஆலோசிப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஆர்ட்டி மொரேனோ ஏஞ்சல்ஸை விற்க ஆலோசிப்பதாக அறிவித்தார். மொரேனோ 2023 ஜனவரியில் மனம் மாறினார். லெர்னர் குடும்பம் 2024 தொடக்கத்தில் விற்கவில்லை என்றது. வீட்டை விற்பதா வேண்டாமா என்று தெரியாதவர் கூரையை மாற்றுவாரா? அரைமனத்தோடு ஓர் அணியை நடத்தும்போது, விற்பதும் அரைகுறை, வைத்திருப்பதும் அரைகுறை.

பழைய ஒப்பந்தங்களின் சுமையும் இருவருக்கும் ஒன்றே. 2019 டிசம்பரில், இரண்டு நாள் இடைவெளியில், நேஷனல்ஸ் தன் பிட்சர் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது. நேஷனல்ஸின் மூன்றாம் தள ஆட்டக்காரராக இருந்த ரென்டோனுக்கு ஏஞ்சல்ஸ் அதே ஏழு ஆண்டுகளுக்கு அதே 24.5 கோடி டாலர் கொடுத்தது. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஸ்ட்ராஸ்பர்க் வீசியது எட்டு ஆட்டங்கள். ரென்டோன் 2024 முடிய ஐந்து பருவங்களில் ஆடியது 257 ஆட்டங்கள். 2025 முழுவதும் இடுப்பு அறுவைச் சிகிச்சையால் களம் காணவில்லை. காயத்தை யாரும் முன்கூட்டி அறிய முடியாது. ஆனால் அந்தப் பணம் முடங்கிய பிறகு மாற்று ஏற்பாட்டுக்குக் கூடுதலாகச் செலவிட உரிமையாளருக்கு மனம் இருக்கிறதா என்பதே பெரிய அணிகளையும் இவற்றையும் பிரிக்கிறது.

மேனேஜரை மாற்றுவதில் மட்டும் இரண்டும் எதிரெதிர். மைக் சோஷியா 2018இல் விலகிய பிறகு ஏஞ்சல்ஸில் ஆஸ்மஸ், மாடன், நெவின், ரான் வாஷிங்டன், இடைக்காலமாக மான்ட்கோமரி, இப்போது கர்ட் சுசூகி என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, நேஷனல்ஸில் மார்ட்டினெஸ் 2018 முதல் ஏழரைப் பருவங்கள் நீடித்தார். அடிக்கடி மாற்றியவருக்கும் 208, மாற்றாதவருக்கும் 208 என்பதால், இதைப் பற்றி ரசிகர்கள் செலவிடும் ஆற்றல் மிகை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓதானி போனதற்கு ஈடாக ஏஞ்சல்ஸுக்குக் கிடைத்தது 2024 டிராஃப்டின் 74வது தேர்வு. அதில் ரையன் ஜான்சன் என்ற கல்லூரிப் பிட்சரை எடுத்தார்கள். அந்த இளைஞரை, புதியவர்கள் பழகும் கீழ்நிலை லீகான மைனர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆட விடாமல் 2025 தொடக்க நாளிலேயே மேஜர் லீக் அணியில் சேர்த்தார்கள். மட்டையாளர்கள் அவரை வெளுத்து வாங்கிய பிறகு, முதலிலேயே தொடங்கியிருக்க வேண்டிய மைனர் லீகுக்கு அவரை அனுப்பி வைத்தார்கள்.