எக்ஸ்போர்ட் செய்த வரைபடம் பட்டறையில் ஏன் மாறிவிடுகிறது: ஒன்பது ஆண்டு அனுபவம்

திருவொற்றியூரில் என் வீட்டு மாடியறையே என் அலுவலகம். காசிமேட்டு விசைப்படகுகளுக்கான வின்ச் (கயிறு சுற்றி இழுக்கும் பொறி) அடித்தகடு, குழாய் ஃபிளேஞ்ச் (குழாய்களை இணைக்கும் வளையத் தகடு), இரும்புக் கதவு, பெயர்ப்பலகை ஆகியவற்றை ஒன்பது ஆண்டுகளாக ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, லேசர் வெட்டும் பட்டறைகளுக்கு டி.எக்ஸ்.எஃப். கோப்பாகவும் (பிற மென்பொருள்களும் படிக்கும் வரைபட வடிவம்) வாடிக்கையாளர்களுக்கு பி.டி.எஃப். கோப்பாகவும் அனுப்பி வருகிறேன். இப்படி வேறு வடிவக் கோப்பாக எழுதித் தரும் எக்ஸ்போர்ட் கட்டளையே இயங்காமல் நின்றதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். கோப்பு ஒழுங்காக உருவாகி, போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொன்றாகத் திறப்பதே பெருந்தொல்லை.

முதல் ஆண்டில் 250 மி.மீ. விட்டமுள்ள ஃபிளேஞ்ச் ஒன்றை அனுப்பியிருந்தேன். இயந்திரம் இயக்கும் தம்பி தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, தகடு 2500-க்கு 1250 தான். இது ஆறு மீட்டருக்கு மேல காட்டுதே" என்றார். எந்த இயந்திரத்திலும் திறக்கும் என்பதால், எனக்குத் தெரிந்த பட்டறைகள் இன்றும் கேட்பது 1992இல் வந்த ஆட்டோகேட் ஆர்12 பதிப்பின் டி.எக்ஸ்.எஃப். வடிவத்தை. அலகைச் சொல்லும் இன்ஸ்யூனிட்ஸ் என்ற மதிப்போ ஆட்டோகேட் 2000 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. ஆகவே ஆர்12 கோப்பில் 250 என்ற எண் போகிறதே தவிர, அது மில்லிமீட்டரா அங்குலமா என்ற செய்தி போவதில்லை; பெறும் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் பொருள் 25.4 மடங்கு பெருத்துவிடும். பெருத்து வந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். அங்குலத்தில் வரைந்தது மில்லிமீட்டராகச் சிறுத்தால் தகட்டில் அடங்கிவிடும், வெட்டியும் விடுவார்கள். எனக்கு அச்சம் தருவது அதுதான். அன்றுமுதல் ஒவ்வொரு கோப்பின் ஓரத்திலும் தனி லேயரில் (வரைபட அடுக்கில்) 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து, அதை வெட்டக் கூடாது, அளந்து பார்க்க மட்டுமே என்று வாட்ஸ்அப் செய்தியிலும் எழுதிவிடுகிறேன். அனுப்புமுன் அந்த டி.எக்ஸ்.எஃப். கோப்பை நானே மறுபடி திறந்து இரண்டு துளைகளின் இடைவெளியை அளக்கிறேன்.

அடுத்தது, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள். திரையில் ஒரே கோடாகத் தெரியும்; லேசர் அதே வழியில் இருமுறை ஓடி விளிம்பைக் கருக்கிவிடும். ஓவர்கில் கட்டளை இவற்றை நீக்குகிறது. பிறகு ஜாயின் கட்டளையால் கோடுகளை ஒன்றாக இணைத்து, உருவம் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்12 வடிவத்தில் ஸ்ப்லைன் என்ற நெளிவளைவும் நீள்வட்டமும் கிடையாது. சேமிக்கும்போது அவை சிறு சிறு துண்டுகளாகிவிடுவதால், இயன்றவரை வட்டவில்லைக் கொண்டே வளைவுகளை வரைகிறேன்.

பி.டி.எஃப். கோப்பில் கோடு காணாமல் போனால் முதலில் டெஃப்பாயின்ட்ஸ் லேயரைப் பார்ப்பேன். அதில் வரைந்தவை திரையில் தெரிந்தாலும் அச்சில் வராது. கோப்பு கனத்துத் திணறினால் கோப்பின் பிழைகளைத் திருத்தும் ஆடிட், பயன்படாதவற்றை நீக்கும் பர்ஜ் என்ற இரு கட்டளைகளையும் ஓட்டுவேன். அதற்கும் சரியாகாதபோது, தேவையான உருவங்களை மட்டும் டபிள்யூபிளாக் கட்டளை மூலம் புதுக் கோப்பாக எழுதியது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

படகுப் பெயர்ப்பலகைகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். ஆகவே டெக்ஸ்ட் எக்ஸ்ப்ளோட் கருவியால் எழுத்துகளை வெறும் கோடுகளாக்கி, உபரித் துண்டுகளைக் களைந்த பிறகே அனுப்புகிறேன். கோடுகளான பின் எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை என்பதால், படகு உரிமையாளரிடம் பெயரைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டு, எழுத்தாகவே உள்ள மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்கிறேன்.