ஓகஸ்ட் விடுமுறைக் குளிப்பு: கந்தளாய்க் குளமா, நிலாவெளிக் கடலா?

அக்காவின் பிள்ளைகள் ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை வந்தால், பையை இறக்கும் முன்பே கேட்பார்கள்: "மாமா, எங்கே குளிக்கப் போகிறோம்?" நிலாவெளிக்குப் பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். போன வருடம் மட்டும் கந்தளாய்க் குளத்துக்குப் போனோம். இனி ஓகஸ்ட் என்றால் நிலாவெளிதான்.

தூரம் பெரிய விஷயமில்லை. நிலாவெளி நகருக்கு வடக்கே 15 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. கந்தளாய் கண்டி வீதியால் ஏறக்குறைய 40. இரண்டுக்கும் பஸ் உண்டு. கடலில் குளித்தால் உப்புப் போக நல்ல தண்ணீரில் மறுபடி குளிக்க வேண்டும். குளத்தில் அந்த வேலை இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது நீர்மட்டம். மாரி மழையில் குளம் நிறைகிறது. சிறுபோக நெற்செய்கை தொடங்கியதும் துருசை, அதாவது மதகைத் திறந்து வயலுக்கு நீர் விடுகிறார்கள். மின்னேரியாக் குளத்துப் பக்கமிருந்து வாய்க்காலில் நீர் வந்தாலும், பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் நேரத்தில் குளம் வெகுவாக இறங்கிவிடுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குளம் கட்டப்பட்டதே நெல்லுக்காகத்தான்.

ஆனால் வற்றிய குளத்தில் இறங்க நல்ல வழி கிடையாது. கட்டுப் பக்கம்தான் ஆழம். நீர் உயர்ந்திருக்கும்போது மூழ்கிக் கிடக்கும் கற்கள் வெளியே தெரியும். பாசி பிடித்து வழுக்கும். அவற்றைத் தாண்டிக் கால் வைத்தால் உடனே ஆழம். எதிரே அலைகரைப் பக்கம் ஆழமில்லை, ஆனால் நீர் பின்வாங்கிய இடமெல்லாம் சேறு. மேலே வெயிலில் காய்ந்து ஓடு ஓடாக வெடித்திருக்கிறது, அடியில் கூழ். எருமைகள் நடந்த குழிகளில் பச்சைத் தண்ணீர். சின்னவன் நீருக்குப் பத்தடி தூரத்திலேயே முழங்கால் வரை புதைந்து நின்று, "மாமா, செருப்பு உள்ளே போய்விட்டது" என்றான். அவனை இழுத்து எடுத்தோம், செருப்பு வரவில்லை.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு அருகே வந்தார். "தம்பி, வற்றிய காலத்தில் முதலையும் இந்தக் கொஞ்சத் தண்ணீரில்தான் கிடக்கும். துருசுப் பக்கமும் போகவேண்டாம், இழுக்கும்" என்றார். 1986 ஏப்ரலில் இந்தக் கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வெள்ளத்தை அறிந்த ஊரில், தண்ணீரைப் பற்றி ஒருவர் எச்சரித்தால் கேட்பதுதான் மரியாதை. கரையேறிவிட்டோம்.

கடலில் இந்தத் தொல்லை இல்லை. எங்கள் பக்கம் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர் வித்தியாசம்கூட இல்லை. நேற்று இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் இன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான் நிற்கும். காலடியில் மணல், மெல்லிய சரிவு. குளம் வற்றுகிற அதே மாதங்களில்தான் எங்கள் கடல் அடங்கிக் கிடக்கிறது. வாடைக் காலத்தில், நவம்பர் முதல் பெப்ரவரி வரை, அதே கரையில் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடமாட்டேன்.

ஓகஸ்டிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. அதனால் கரையோரம் அலை படுத்துவிடும், ஆனால் காற்றடைத்த வளையத்தை வெளியே தள்ளிக்கொண்டு போய்விடும். பிள்ளை சிரித்தபடி மிதந்துகொண்டிருப்பான். நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் இருபது பாகம், முப்பது மீற்றருக்கு மேல், தள்ளிப் போயிருப்பான். வளையத்தில் கயிறு கட்டி, நுனியைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும்.

குளம் நிறைந்திருந்த பெப்ரவரியில் இரண்டே தடவை போயிருக்கிறேன். அப்போது நீர் கட்டின் மேற்படி வரை நின்றது, குளிர்ச்சி அருமை. இரண்டு நாளை வைத்து அந்தக் காலத்துக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அங்கே படகிலும் ஏறியதில்லை.

வற்றிய குளத்தைப் பார்க்கப் போவதென்றால் நானே கூட்டிப் போவேன். மாலையில் கூழைக்கடாக்களும் நாரைகளும் சேற்றோரம் வரிசையாக நிற்கும். மின்னேரியாவில் யானைகள் கூட்டமாகச் சேர்வதும் நீர் இறங்கிய தரையில் முளைக்கும் புல்லுக்காகத்தான். பார்ப்பதற்குக் கட்டின் மேல் நின்றால் போதும்.

இந்த வருடம் காலை ஏழு மணிக்கே நிலாவெளியில் இறங்கி, காற்று எழும்பும் முன் பத்து மணிக்குக் கரையேறப் போகிறோம். கயிறு வாங்கி வைத்துவிட்டேன்.