குளியலறை எக்ஸ்ட்ராக்டர் ஃபேன்: லைட் சர்க்யூட்டில் எந்த ஐசொலேட்டர்?

பிரிட்டன் வீடுகளில் குளியலறை ஃபேனுக்கென்று தனி சர்க்யூட் இழுப்பது அபூர்வம். பக்கத்தில் ஓடும் லைட் சர்க்யூட்டிலிருந்துதான் எடுப்பார்கள். அதில் தவறில்லை, ஃபேன் இழுக்கும் மின்சாரம் சொற்பம், 6 ஆம்பியர் பிரேக்கருக்கு அது பாரமே அல்ல. ஆனால் நாளைக்கு அந்த ஃபேனைக் கழற்ற ஏணியில் ஏறுபவருக்கு, அதற்குள் போகும் வயர்கள் எல்லாம் செத்துவிட்டன என்ற உறுதி எங்கிருந்து கிடைக்கும்? ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சுதான் ஐசொலேட்டர். அந்தக் கேள்வியை வைத்துத்தான் அதை மாட்டும் வழிகளை எடைபோடுகிறேன்.

சாதாரண ஃபேன் எளிது. லைட் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். லைவ் (மின்சாரம் கொண்டுவரும் வயர்) ஒன்று, நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வயர்) ஒன்று, அவ்வளவே. இதற்கு இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள்-போல் ஐசொலேட்டர் தாராளமாகப் போதும். குறை வேறு: குளித்துவிட்டு லைட்டை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும், ஈரம் சுவரிலேயே தங்கும், குளிர்காலத்தில் மூலைகளில் கரும்பூஞ்சை பிடிக்கும். திறக்கக்கூடிய ஜன்னல் இல்லாத குளியலறையில், லைட் அணைந்த பிறகும் ஃபேன் 15 நிமிடமாவது ஓட வேண்டும் என்கிறது இங்கிலாந்தின் கட்டட விதிகளின் ‘பார்ட் எஃப்’ வழிகாட்டி. அதனால் அங்கே இந்த வகை ஒத்துவராது.

லைட் அணைந்த பிறகும் சிறிது நேரம் ஓடும் டைமர் ஃபேனில்தான் கவனம் வேண்டும். இதற்கு எர்த் நீங்கலாக மூன்று வயர் போகும்: எப்போதும் உயிரோடிருக்கும் நிரந்தர லைவ், லைட் ஸ்விட்சிலிருந்து வரும் ஸ்விட்ச்டு லைவ், நியூட்ரல். ஸ்விட்ச்டு லைவ் ‘ஓடு’ என்று சொல்கிறது; லைட் அணைந்த பின் நிரந்தர லைவ்தான் ஃபேனை ஓட்டுகிறது. ஆக லைட்டை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே 230 வோல்ட் காத்திருக்கும்.

இதற்குச் சிலர் ஒரு ஃபியூஸ்டு ஸ்பரை (ஃபியூஸோடு கூடிய ஸ்விட்ச்) மட்டும் மாட்டிவிட்டுப் போகிறார்கள். ஃபேனோடு வரும் குறிப்பேடு பெரும்பாலும் 3 ஆம்பியர் ஃபியூஸ் கேட்பதால் அது சரியாகவும் தோன்றும். ஆனால் ஸ்பர் நிரந்தர லைவையும் நியூட்ரலையும் மட்டுமே துண்டிக்கிறது. ஸ்விட்ச்டு லைவ் அதன் வழியாகப் போவதே இல்லை. வேலை செய்பவர் வெளிச்சம் வேண்டுமென்று லைட்டைப் போட்ட அந்த நொடியில் ஃபேனின் முனைக்கு மின்சாரம் வந்துவிடும். நியூட்ரல் வெட்டப்பட்டிருப்பதால், ஃபேனுக்குள் இருக்கும் மின்னணுப் பலகை வழியாக நியூட்ரல் முனையிலும் மின்னழுத்தம் ஏறக்கூடும். ‘ஆஃப்’ என்று காட்டும் ஸ்விட்ச் ஒன்று பக்கத்தில் இருப்பதால் ஆளும் நம்பிக்கையோடு கை வைப்பார். எதுவுமே இல்லாததைவிட இது மோசம் என்பேன்.

த்ரீ-போல் ஐசொலேட்டர் இந்தச் சிக்கலுக்காகவே வந்தது. இரண்டு லைவையும் நியூட்ரலையும் ஒரே அசைவில் துண்டிக்கும். லைட் எரிந்துகொண்டே இருக்கலாம். வழக்கமாகக் குளியலறைக்கு வெளியே, கதவுக்கு மேலே மாட்டுவார்கள். தெரியாமல் யாரும் போட்டுவிட முடியாதபடி பூட்டு மாட்டக்கூடியதாக வாங்குங்கள்.

ஃபியூஸும் வேண்டுமென்றால் அது நிற்கும் இடம் முக்கியம். லைட் ஸ்விட்சுக்கும் ஐசொலேட்டருக்கும் முன்னால் ஸ்பரை வைத்தால் இரண்டு லைவும் அதே 3 ஆம்பியர் ஃபியூஸிலிருந்தே கிளம்பும். இதன் குறை: ஃபியூஸ் போனால் குளியலறை லைட்டும் போகும். ஃபியூஸ் உள்ளடங்கிய த்ரீ-போல் ஐசொலேட்டரும் கிடைக்கிறது. எந்த லைவ் அந்த ஃபியூஸ் வழியாகப் போகிறது என்று பார்த்து வாங்க வேண்டும்.

பக்கத்தில் ஐசொலேட்டரே வேண்டாம், கன்ஸ்யூமர் யூனிட்டில் (வீட்டின் பிரேக்கர் பெட்டி) பிரேக்கரை இறக்கிப் பூட்டினால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒழுங்காகப் பூட்டினால் அது பாதுகாப்பான வழிதான். ஆனால் அந்தத் தளத்து லைட் எல்லாம் அணைந்து, டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு ஏணியில் நிற்க வேண்டிவரும். ஒரு சின்ன ஐசொலேட்டர் தவிர்க்கும் இடைஞ்சல் அது.

ஈரப்பதம் பார்த்துத் தானே ஓடும் ஹ்யூமிடிஸ்டாட் ஃபேன்களில் பலவற்றுக்கு நிரந்தர லைவும் நியூட்ரலும் போதும், டபுள்-போலே சரி. மழைக்கால ஈரத்தில் வேண்டாத நேரத்திலும் சில ஓடும். லைட்டோடு சேர்ந்தும் ஓட வேண்டுமென்று மூன்றாவது வயரை இணைத்தால் அங்கேயும் த்ரீ-போல்தான்.

என் தேர்வு டைமர் ஃபேன், த்ரீ-போல் ஐசொலேட்டர். மூன்று வயரையும் சீலிங் ரோஸிலிருந்து (கூரையில் லைட் தொங்கும் இணைப்புப் பெட்டி) எடுப்பது வசதி; பழைய வீடுகளின் லைட் ஸ்விட்சில் பெரும்பாலும் நியூட்ரல் இருக்காது, ரோஸில் லூப் லைவ் (அதுவே நிரந்தர லைவ்), ஸ்விட்ச்டு லைவ், நியூட்ரல் மூன்றும் பெரும்பாலும் இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். 2006-க்கு முந்தைய வயரிங்கில் கறுப்பு என்றால் பெரும்பாலும் நியூட்ரல். இன்றைய த்ரீ-கோர் கேபிளில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் லைவ் நிறங்களே. கறுப்பை நியூட்ரலாக்கினால் நீல ஸ்லீவும் (வயர் மேல் மாட்டும் நிற உறை), சாம்பலை ஸ்விட்ச்டு லைவாக்கினால் பழுப்பு ஸ்லீவும் இரு முனையிலும் போட வேண்டும். ஐசொலேட்டரை ஆஃப் செய்த பிறகும் இருமுனை டெஸ்டரை முதலில் உயிருள்ள இடத்தில் சோதித்து, பிறகு ஃபேன் முனைகளைத் தொட்டு, மறுபடியும் உயிருள்ள இடத்தில் சோதிக்க வேண்டும். லைட்டைப் போட்டு ஒருமுறை, அணைத்து ஒருமுறை.

ஷவர் அல்லது தொட்டியின் விளிம்பிலிருந்து 0.6 மீட்டருக்குள், 2.25 மீட்டர் உயரத்துக்குக் கீழே புதிதாக ஃபேன் வைப்பதென்றால் இங்கிலாந்தில் கட்டட விதிகளின் ‘பார்ட் பி’ (Part P, வீட்டு மின்வேலைப் பகுதி) படி அறிவிக்க வேண்டிய வேலை. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே சான்று கொடுத்துவிடுவார்.