படச்சட்டத்தைக் கழற்றாமலே மதிப்புப் போட்டார்: அக்ராவில் ஏமாந்த கதை

கானாவில் வேலை முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், சுவரில் மாட்டிய படங்களுக்கு மதிப்புச் சான்றிதழ் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என் வீட்டில் மூன்று ஆண்டுகளாகத் தொங்கிய படம் அது. கழுத்தைப் பின்னால் திருப்பி, முதுகின் மேலுள்ள முட்டையை அலகால் எடுக்கும் பறவை. கானாவின் அக்கான் மக்கள் துணியில் பதிக்கும் அடின்க்ரா சின்னங்களில் ஒன்றான சன்கோஃபா. 'திரும்பிப் போய் எடுத்து வா' என்று பொருள். கறுப்பும் செம்மண் நிறமும். கீழே பென்சிலில் 7/30 என்ற எண்ணும் (முப்பது பிரதிகளில் ஏழாவது) ஒரு கையெழுத்தும். லினோலியம் என்ற மென்தகட்டைச் செதுக்கி, மேட்டில் மை உருட்டிக் கையால் எடுத்த அச்சு என்று நம்பியே வாங்கினேன்.

கப்பலில் அனுப்புவதற்குக் காப்பீடு வேண்டியிருந்தது. அதற்காக ஒரு மதிப்பீட்டாளரை அழைத்தேன். பத்து நிமிடம் நின்றார். கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார். சுவரிலிருந்து இறக்கக்கூட இல்லை. பன்னிரண்டாயிரம் சேடி (கானா நாணயம்) என்று எழுதிக் கொடுத்து, அதில் பத்து சதவீதத்தைக் கூலியாக வாங்கிக்கொண்டார். மதிப்பைக் கூட்டினால் கூலியும் கூடும். இப்படிச் சதவீதக் கூலி வாங்குவதை அமெரிக்க மதிப்பீட்டாளர்களின் தொழில்நெறி விதிகள் தடுக்கின்றன என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

படச்சட்டத்தை மாற்றக் கொடுத்த கடையில் குட்டு உடைந்தது. கண்ணாடியை எடுத்த பெரியவர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினார். அழுத்தத்தின் தடமே இல்லை. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை என்னிடம் நீட்டினார். செதுக்கிய அச்சில் மை ஒரே பரப்பாகப் படிந்திருக்கும். கோட்டின் ஓரத்தில் சற்றுத் தடித்து வரம்பு கட்டும். இங்கே செம்மண் நிறம் முழுவதும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாகச் சிதறிய பொடிப் புள்ளிகள். கையெழுத்தின் மேல் கண்ணாடியை நகர்த்தினேன். அதுவும் புள்ளிகள். வெளிச்சத்தில் சாய்த்தால் மின்ன வேண்டிய பென்சில் கரி மின்னவில்லை. அச்சகத்தில் ஓட்டிய வெறும் நகல்.

சான்றிதழை அன்றிரவு மறுபடி படித்தேன். பணம் போனதைவிட அதுதான் அதிகம் சுட்டது. 'நைஜீரிய யொரூபா சின்னம், மரப்பட்டைச் சாயத்தால் பதித்தது' என்று எழுதியிருந்தார். அடின்க்ரா சின்னங்களை, கானாவின் குமாசி நகருக்கு அருகே என்டோன்சோ கிராமத்தில் சுரைக்குடுக்கை ஓட்டைச் செதுக்கி, பாடியே மரத்தின் பட்டையைக் காய்ச்சி இறக்கிய கரிய சாயத்தில் தோய்த்துப் பதிப்பது துணியில். காகிதத்தில் எடுக்கும் லினோ அச்சு வேறு தொழில். 1817இல் பிரிட்டிஷ் தூதுக்குழுவோடு குமாசிக்கு வந்த பௌடிச் வாங்கிச் சென்ற அடின்க்ராத் துணி இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இவ்வளவு பழைய கலையை எந்த மக்களுடையது என்றே தெரியாதவர் அதற்கு விலை எழுதியிருக்கிறார்!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சட்டத்துக்குள் இருந்ததை இருந்தபடியே பார்த்தேன்" என்றார். அதன்பின் என் அழைப்பை அவர் எடுக்கவில்லை.

ஊர் திரும்பும் வெளிநாட்டவர் வீடுகளுக்கு அவர் இன்னும் போய்வருகிறார். யார் வந்தாலும் சரி, உட்காரச் சொல்லும் முன்பே கேளுங்கள்: சட்டத்தைக் கழற்றிப் பார்ப்பீர்களா, கூலி முன்கூட்டியே முடிவான தொகைதானா? இரண்டில் ஒன்றுக்குத் தயங்கினாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.