ஐந்து வருடம், ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை

தோழிக்கு எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 2.6 வந்திருக்கிறதாம். (மைனஸ் கூடக் கூட எலும்பு பலவீனம் என்று அர்த்தம்.) "நீ எலும்பு மாத்திரை அஞ்சு வருஷம் போட்டியே, எப்படி இருந்துச்சு, நான் போடலாமா?" என்று கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்துப் புலம்பலாகப் போய்விட்டது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

நான் போட்டது அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம், வாரம் ஒன்று. இதைப் போட்டால் தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு முறியும் என்றெல்லாம் எல்லோரும் பயமுறுத்துவார்கள். என்னைப் படுத்தியது அதுவல்ல, காலையில் அந்த அரை மணி நேரம். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் நிறையப் பச்சைத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், அப்புறம் அரை மணி நேரம் படுக்கக் கூடாது, எதுவும் சாப்பிடக் கூடாது, காபியும் கூடாது. ஒரு வாய் காபியில் என்ன வந்துவிடும் என்று டாக்டரிடம் மல்லுக்கு நின்றேன். விழுங்கியதில் நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது, காபியோடு போனால் அதிலும் பாதிக்கு மேல் வீண் என்றார். அதற்கு மேல் என்ன பேச?

இரண்டாம் வருடம் ஒரு ஞாயிறு, அவசரத்தில் அரை டம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டேன். தண்ணீர் பாட்டில் மூடி கட்டிலுக்கு அடியில் உருண்டது, தலைகீழாகக் குனிந்து துழாவி எடுத்தேன். நெஞ்சுக்குழியில் மிளகாய் ஒட்டிக்கொண்ட மாதிரி இரண்டு நாள் எரிந்தது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும் என்பதற்குத்தான் அந்த விதியே என்று அன்றுதான் உறைத்தது. விழுங்குவதில் சிரமம் இருப்பவர்களும், சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களும் இந்த மாத்திரைப் பக்கமே போகக் கூடாது. கால்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் போடக் கூடாது, பிறகுதான்.

சரி, பலன்? அதுதான் தெரியவே தெரியாது! எலும்பு முறியாமல் இருப்பதுதான் பலன், முறியாத எலும்பு நமக்கு வந்து நன்றியா சொல்லும்? இரண்டு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் மைனஸ் 2.9 மைனஸ் 2.7 ஆகியிருந்தது. இதற்கா இத்தனை ஞாயிறு என்று எரிச்சல்தான் வந்தது.

1996இல் வந்த ஆய்வுக் கணக்கைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கினேன். ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு இருந்த பெண்கள். சுமார் மூன்று வருடத்தில், மாத்திரை போடாதவர்களில் 100க்கு 15 பேருக்கு எக்ஸ்ரேயில் புது முதுகெலும்பு முறிவு, போட்டவர்களில் 8. இடுப்பு முறிவு 100க்கு 2லிருந்து 1. 'பாதியாகக் குறைக்கும்' என்று சொன்னாலும் உண்மைதான், 'நூறு பேரில் ஒருவரைக் காப்பாற்றும்' என்று சொன்னாலும் உண்மைதான். எதைச் சொல்கிறார்களோ அதற்கேற்ப நம் மனசு சாயும். எனக்கு நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்திருந்தது, அதனால் என் தராசு வேறு. தோழிக்கு இதுவரை எதுவும் முறிந்ததில்லை. அவள் வயது, அம்மாவுக்கு இடுப்பு முறிந்ததா, ஸ்டீராய்டு போடுகிறாளா, இதையெல்லாம் பார்க்காமல் டி ஸ்கோர் ஒன்றை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

தாடைப் பிரச்சினை இந்த அளவு மாத்திரையில் மிக அரிது. ஆனாலும் பல் பிடுங்கப் போனபோது பல் டாக்டர் "எலும்பு மாத்திரை போடுறீங்களா?" என்று கேட்டு நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்குக் கை சில்லிட்டது. (ஒன்றும் ஆகவில்லை, புண் ஒழுங்காக ஆறியது.) பிடுங்க வேண்டிய பல் இருந்தால் மாத்திரை தொடங்குமுன்பே பார்த்துவிட வேண்டும். தொடை எலும்பு விநோதமாக முறிவதும் அரிதுதான், ஆனால் வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடும். தொடையிலோ கவட்டிலோ காரணமில்லாத வலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

ஐந்து வருடம் முடிந்ததும் எனக்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள். மருந்து எலும்பிலேயே தங்கியிருப்பதால் சில காலம் தாங்குமாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதைச் சும்மா நிறுத்தினால் எலும்பு வேகமாகக் கரைந்து முதுகெலும்புகள் வரிசையாக நொறுங்கலாம், நிறுத்தும்போது வேறு மருந்துக்கு மாற வேண்டும். அவளுக்கு அந்த ஊசியையும் சொல்லியிருக்கிறார்களாம், ஆரம்பிக்கும்போதே எப்படி முடிப்பது என்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஐந்து வருடத்தில் எனக்கு ஒரு எலும்பும் முறியவில்லை. மாத்திரையாலா, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கப் பழகியதாலா, யாருக்குத் தெரியும். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுப்பேன், தோழியிடம் மட்டும் டாக்டர் சொன்னால் போடு என்றுதான் சொன்னேன். எனக்கு மறுபடி தேவை என்றால் வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஜோலெட்ரோனிக் அமிலத்தைக் கேட்கப் போகிறேன். முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம் என்கிறார்கள். வரட்டும், ஞாயிற்றுக்கிழமை காபியாவது நேரத்துக்குக் கிடைக்கும்.