கார்னியேவா, வியன்னாவா, லா ஸ்காலாவா? ஒரே ஒரு ஓபரா அரங்குக்குத்தான் நேரம் என்றால்

ஐரோப்பாவுக்கு ஒரு தடவை போகிறோம், கையில் பத்து நாள், அதில் ஒரே ஒரு பழைய ஓபரா (பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம்) அரங்குக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறது என்றால் எதற்குப் போவது? பாரிஸின் பலே கார்னியே, வியன்னாவின் ஸ்டேட் ஓபரா, மிலானின் லா ஸ்காலா, பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் போட்டி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில் சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் கார்னியே. ராத்திரி உட்கார்ந்து (சரி, நின்று) கேட்க என்றால் வியன்னா. லா ஸ்காலா ஏற்கெனவே ஓபரா பைத்தியம் பிடித்தவர்களுக்கு.

கார்னியேவில் கொடுக்கிற டிக்கெட் காசு மாடிப்படிக்கே சரியாகிவிடும். வெள்ளைப் பளிங்குப் படிகள், சிவப்பும் பச்சையுமாகப் பளிங்கில் கைப்பிடிச் சுவர், 30 மீட்டர் உயரத்தில் கூரை, நாலாபுறமும் மாடங்கள். மேலே மாடத்தில் நின்று கீழே பார்த்தால்தான் கட்டியவரின் மூளை புரியும்: படியேறி வருகிறவர்களை வேடிக்கை பார்க்கவே அந்த மாடங்கள். அந்தக் காலத்துப் பணக்காரர்கள் பாட்டுக் கேட்க வந்ததைவிட, யார் யாரோடு வந்திருக்கிறார்கள், என்ன நகை போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அதிகம் வந்தார்கள், அதற்கு ஏற்ற மாதிரியே கட்டிடமும்.

கட்டிய கதையும் சுவையானது. 1858-ல் பழைய ஓபரா அரங்கின் வாசலில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மேல் குண்டு வீசினார்கள். அவர் தப்பித்தார், ஆனால் பாதுகாப்பான இடத்தில் புது அரங்கு வேண்டும் என்று முடிவானது. 1861-ல் போட்டி வைத்து, அவ்வளவாகப் பெயர் தெரியாத 35 வயது கட்டிடக் கலைஞர் சார்ல் கார்னியேவைத் தேர்ந்தெடுத்தார்கள். தோண்டினால் தண்ணீர், இறைக்க இறைக்கத் தண்ணீர். கடைசியில் அடியிலேயே ஒரு பெரிய தொட்டி கட்டித் தண்ணீரை அதற்குள் நிறுத்திவிட்டு மேலே கட்டினார்கள். அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது, தீயணைப்புப் படையினர் அதில் நீச்சல் பயிற்சி எடுக்கிறார்கள். பேரரசர் சாரட்டிலேயே உள்ளே வந்து இறங்குவதற்கென்று பக்கவாட்டில் தனிச் சாய்தளம் வேறு. 1875 ஜனவரி 5-ல் திறந்தபோது பேரரசும் இல்லை, பேரரசரும் உயிரோடு இல்லை.

அரங்கின் உள்ளே அண்ணாந்து பார்த்தால் ஓவியர் ஷகாலின் கூரை ஓவியம், 1964-ல் வந்தது. சிவப்பு வெல்வெட்டுக்கும் தங்க முலாமுக்கும் நடுவில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாகக் குழந்தை வரைந்த மாதிரி மிதக்கும் உருவங்கள். சிலருக்கு இது பொருந்தாத ஒட்டுப்போட்ட துணி மாதிரித் தெரியும். எனக்கு அந்தக் கட்டிடம் மூச்சு விடுகிற ஒரே இடம் அதுதான். பழைய ஓவியம் அதன் பின்னால் அப்படியே இருக்கிறது.

ஆனால் ஒன்று, ஒத்திகை நடந்தால் பார்வையாளர்களை அரங்குக்குள் விடமாட்டார்கள், மாடிப்படியோடும் கூடத்தோடும் திருப்திப்பட வேண்டியதுதான். போகிற நாளில் அரங்கு திறந்திருக்குமா என்று அவர்களுடைய தளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். ராத்திரி நிகழ்ச்சிக்குப் போவதென்றால் இன்னொரு சிக்கல்: 1989-ல் பாரிஸிலேயே பஸ்தீய் என்ற புது ஓபரா அரங்கு திறந்ததிலிருந்து பெரிய ஓபராக்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன, கார்னியேவில் பாலே நடனம்தான் அதிகம். விலை குறைவு என்று பக்கவாட்டு பாக்ஸில் (சில பேர் மட்டும் உட்காரும் தடுப்பு வைத்த மாடம்) பின் வரிசை எடுத்தால் முன்னால் இருப்பவரின் கழுத்தைத்தான் பார்க்க முடியும். குதிரை லாட வடிவ அரங்கு எல்லாவற்றுக்கும் உள்ள வியாதி இது, மற்ற இரண்டும் விலக்கில்லை.

வியன்னா இதற்கு நேர் எதிர். கண்ணுக்கு இரண்டாமிடம், காதுக்கு முதலிடம். 1869-ல் மோட்சார்ட்டின் 'டான் ஜோவானி'யோடு திறந்த அரங்கு. கட்டும்போதே எதிரே இருந்த ரிங் சாலையை ஒரு மீட்டர் உயர்த்திவிட்டதால் கட்டிடம் மண்ணில் புதைந்த பெட்டி மாதிரி இருக்கிறது என்று ஊரே கேலி பேசியது. கட்டிடக் கலைஞர்கள் இருவரில் வான் டெர் நூல் தற்கொலை செய்துகொண்டார், சில வாரங்களில் கூட்டாளி சிகார்ட்ஸ்பர்க்கும் இறந்தார். திறப்பு விழாவை இரண்டு பேருமே பார்க்கவில்லை. 1945 மார்ச் 12-ல் குண்டு விழுந்து மேடையும் பார்வையாளர் பகுதியும் எரிந்துபோயின. முன்பக்கமும் பெரிய மாடிப்படியும் தப்பின. 1955-ல் திரும்பக் கட்டித் திறந்தபோது அரங்கை எளிமையாகவே விட்டுவிட்டார்கள். அதனால் பகலில் வழிகாட்டியோடு சுற்றினால் மாடிப்படி வரைக்கும் வாயைப் பிளப்பீர்கள், அரங்குக்குள் நுழைந்ததும் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். நிலையில் நிற்கிற தேரைப் பார்த்துவிட்டு வருவது போலத்தான்.

தேர் ஓடுவதைப் பார்க்க ராத்திரி போக வேண்டும். செப்டம்பரிலிருந்து ஜூன் வரை ஏறக்குறைய தினமும் நிகழ்ச்சி உண்டு, இன்று ஒரு ஓபரா, நாளை வேறொன்று. வியன்னாவின் பெரிய வரம் நின்று கேட்கும் டிக்கெட். உட்காரும் நல்ல இடங்களுக்கு ஆகிற காசில் சின்னப் பங்குதான். அதிலும் கீழ்த்தளத்தில் நிற்கும் இடம், ஆஸ்திரியப் பேரரசருக்கென்று இருந்த நடு பாக்ஸுக்கு நேர் கீழே, மேடைக்கு நேர் எதிரே! உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் ஒரு மஃப்ளரைக் கட்டிவிட்டு வெளியே உலாத்தலாம். பஸ் சீட்டில் துண்டு போடுகிற அதே சட்டம், யாரும் அவிழ்ப்பதில்லை. கம்பியிலேயே குட்டித் திரை, ஆங்கிலம் உட்படப் பல மொழிகளில் வசனம் ஓடும். வாக்னர் ஓபரா மட்டும் முதல் தடவைக்கு வேண்டாம், கால் கழன்றுவிடும். புச்சினி எடுங்கள், சீக்கிரம் முடியும், அழவும் வைக்கும்.

அப்புறம், அரங்கைச் சுற்றி மோட்சார்ட் காலத்து விக்கும் கோட்டும் போட்டுக்கொண்டு டிக்கெட் விற்பவர்களிடம் வாங்கிவிடாதீர்கள். அவர்கள் விற்பது வேறு மண்டபங்களில் நடக்கும் சுற்றுலாக் கச்சேரிகளுக்கு.

லா ஸ்காலாவை வெளியிலிருந்து பார்த்தால் ஏதோ அரசாங்க அலுவலகம் என்று தாண்டிப் போய்விடுவீர்கள். 1778-ல் கட்டிடக் கலைஞர் பியர்மரினி கட்டியபோது எதிரே சதுக்கம் கிடையாது, குறுகலான தெரு, யாரும் தள்ளி நின்று பார்க்கப் போவதில்லை. அருங்காட்சியக டிக்கெட் எடுத்தால் ஒரு பாக்ஸ் வழியாக அரங்கை எட்டிப் பார்க்கலாம், ஒத்திகை இல்லாவிட்டால். ஆறு அடுக்கு, சிவப்பும் தங்கமும், அழகுதான். ஆனால் அதற்காக மட்டும் மிலான் போகச் சொல்ல மாட்டேன்.

இங்கே விசேஷமே ஆட்கள்தான். உச்சிக் காலரியில் உட்காரும் பழைய ரசிகர்கள் ஸ்வரம் பிசகினால் விடமாட்டார்கள், ஊளையிடுவார்கள். 2006 டிசம்பரில் வெர்டியின் 'ஆயிதா'வில் முதல் பாட்டுக்கே கூச்சல் எழ, பாடகர் ரொபெர்த்தோ அலான்யா மேடையை விட்டு நடந்தே போய்விட்டார். மாற்றுப் பாடகர் வேஷம் கட்டக்கூட நேரமில்லாமல் போட்டிருந்த துணியோடு வந்து பாட்டைத் தொடர்ந்தார். வெர்டியின் 'நபுக்கோ' (1842) முதலில் மேடையேறியதும் இங்கேதான். இதையெல்லாம் படிக்கும்போது உங்களுக்கு உள்ளே ஏதாவது துள்ளினால் மிலானுக்கே போங்கள், நான் சொன்னதை மறந்துவிடுங்கள். அரைக்கால் சட்டை மட்டும் வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள்.

நான் இன்னொரு தடவை போனால் வியன்னாதான், அதுவும் மே மாதத்தில். டிக்கெட் கிடைக்காவிட்டாலும் அந்த மாதத்தில் பல நாள் கட்டிடத்தின் பக்கவாட்டில் பெரிய திரை வைத்து, உள்ளே நடப்பதை அப்படியே சதுக்கத்தில் காட்டுவார்கள். நாற்காலியும் போட்டிருப்பார்கள், காசு கிடையாது. குடை மட்டும் கையில் இருக்கட்டும்.